கம்பு விதைக்கச் சொன்ன கொல்லை

இந்தக் காலத்து ஆட்களுக்குச் செத்த ராசாவிடம் இருக்கிற பயம் உயிரோடிருக்கிறவனிடம் இல்லை. சவரியாருக்கு அதுதான் எரிச்சல். ஏலாக்குறிச்சியில் அவருடைய மேட்டுக் கொல்லை வரப்பில் முப்பது பேர் தலைப்பாகையும் ஈட்டியும் அட்டைக் கேடயமுமாகப் பீடி குடித்துக்கொண்டு நின்றார்கள். கொல்லைக்காரனை ஒருத்தன் ஏறிட்டுப் பார்க்கவில்லை. ராசா படம் எடுக்க வந்த அவருடைய தம்பி ஆண்ட்ரூஸ், வேனை விட்டு இறங்கிய இடத்திலேயே அசையாமல் நின்றான்.

கொல்லையில் ஆள் உயரத்துக்கு மக்காச்சோளம்.

“அண்ணே, கம்பு போடச் சொல்லி லெட்டர் எழுதுனேனே.”

“எழுதுன. எம்மவ சுகன்யா படிச்சிக் காட்டுனா.”

“அப்புறம்?”

“கம்ப எவன்டா வாங்குறான்? நீ வருவேன்னுதான் எவன் கண்டான்? போன தடவையும் வரேன்ன. வந்தியா?”

பதினெட்டு வருசமாக ஆண்ட்ரூஸ் எழுதியதும் எடுத்ததும் ராசா கதைகள்தான். முதல் படம் அரியலூரில் ஐம்பது நாள் ஓடியது. சவரியாரே வண்டி கட்டிப் போய்ப் பார்த்தார். இரண்டாவது படத்தில், சோழ அரண்மனை அடுக்களையில் மிளகாய்ச் சரம் தொங்கியதாம். மிளகாய் அப்போது இந்தப் பக்கம் வரவே இல்லையாம். பத்திரிகைக்காரன் அந்தச் சரத்தைப் படம் போட்டுச் சிரித்தான். ஒன்பது வருசம் யாரும் இவனைக் கூப்பிடவில்லை. அப்புறம் இந்த 2004 மார்கழியில்தான் மறுபடி ஒரு சோழர் படம். சண்டைக் காட்சிக்குப் படத்து முதலாளி கொடுத்தது இன்று ஒரு நாள்.

“செடி செடிதான் சார். எவன் உத்துப் பாக்கப்போறான்?” என்றான் படக் கம்பெனி மேனேஜர்.

“மிளகாய்க்கும் இதத்தான் சொன்னாங்க. இதுக்குள்ள நான் எடுக்க மாட்டேன்.”

சவரியாருக்கு மனசு கேட்கவில்லை. “அருவாளக் கொண்டாரட்டா? வெட்டிச் சாச்சிப்புடுறேன்.”

“நாலு ஏக்கரையுமா? சுத்தி எல்லாக் கொல்லையிலயும் இதான்ணே நிக்குது.”

மேனேஜர் முதலாளியிடம் பேசச் செல்போனோடு தள்ளிப் போனான். திரும்பி வந்தபோது ஆண்ட்ரூசின் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “வேற டைரக்டர் போடுறாராம் சார். காமெடிப் படம் பண்ணுவாரே, அவரு. நாளைக்கு இதே எடத்துல எடுத்துக்குவாராம்.”

ஆண்ட்ரூஸ் ஒரு கதிரை ஒடித்தான். மட்டையை உரித்து மணிகளையே பார்த்தான்.

“இது நம்ம நாட்டுக்கு வந்து ஐநூறு வருசங்கூட ஆகலண்ணே.”

“நம்ம அப்பா தின்னாரு. நான் திங்கிறேன். அதெப்படிடா இல்லாமப் போவும்? ஒன் ராசா வந்து கணக்கெடுக்கப் போறாரா?”

ஆண்ட்ரூஸ் கதிரைக் கீழே போடவில்லை.

மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். சவரியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். வரப்பு முடிகிற இடத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். வேலை இல்லையென்றதும் படையாட்கள் ஒதுங்குவதற்காகக் கொல்லைக்குள் இறங்கியிருந்தார்கள். மக்காச்சோளத் தோகைக்கு மேலே ஈட்டி முனைகள் மட்டும் வரிசையாக, வெயிலில் மினுங்கிக்கொண்டு போயின.

ராசா படை மாதிரியேதான் இருந்தது. இதில் என்ன குறையைக் கண்டான்? அவர் நடையை எட்டிப் போட்டார்.