பக்ரீத்துக்குள் ஒரு மகாலட்சுமி

1

இந்தக் கதை ஒரு மனவருத்தத்தில் பிறந்தது, அதை மறைப்பானேன். போன வருஷம் ஆம்பூருக்குச் செருப்பு வாங்கப் போனேன். கடையில் ஒரு பெரியவர், வாழ்நாளெல்லாம் தோல் தரம் பிரித்தவராம், என் கன்னத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு "மூணாம் நம்பர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழிவாங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி கதை எழுதுவது.

2

முதல் தொடக்கம்: "பாலாற்றின் மேல் செவ்வானம் தோய்ந்திருந்த அந்த..." [நிறுத்து. ஆற்றில் தண்ணீரே இல்லை, வானத்துக்கு எதற்கு இவ்வளவு சாயம்?]

இரண்டாவது: 1926. ஆம்பூரில் ஷபீ அஹமது சாகிபின் தோல் பதனிடும் ஷாப்பில் பதினெட்டு வருஷம் தரம் பிரித்த முனிரத்தினம், முழுநேரச் சித்திரக்காரர் ஆவதற்காக வேலையை விட்டார். தூரிகை வாங்குவதற்கு முன்பே வாசலில் பலகை மாட்டினார்: "தெய்வத் திருவுருவங்கள் சாஸ்திரோக்தமாக எண்ணெய்ச் சாயத்தில் தீட்டித் தரப்படும்." (எந்த சாஸ்திரம் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு வேலை மிச்சம்.)

சரி, இதையே வைத்துக்கொள்வோம்.

சாகிப் கோபப்படவில்லை. "பக்ரீத் வரைக்கும் உன் எடத்தைக் காலியா வெச்சிருக்கேன். அன்னிக்குத் தோலு மலையாட்டம் குவியும். அதுக்குள்ள வர்லன்னா வேற ஆளைப் போட்டுடுவேன், பேஜார் பண்ணாத" என்றார்.

அடிக்குறிப்பு, தோலை அறியாதவர்களுக்கு: தரம் பிரிப்பவர் தோலைக் கட்டைவிரலால் தடவி உண்ணிக்கடி, முள்கீறல், சூட்டுத்தழும்பு, அம்மைவடு எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார். பிறகு பின்பக்கம் நீலப் பென்சிலால் ஒரு நம்பர் போடுவார். குறையே இல்லாததுதான் ஒன்று.

3

முனிரத்தினத்தின் மனைவி தனகோடியை முதலில் அழவைத்துப் பார்த்தேன். "தனகோடி முந்தானையால் கண்களை..." அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வருஷம் ஷாப்பு நாற்றமடித்த சட்டைகளைத் துவைத்தவள் அவள்.

"பக்ரீத்துக்குள்ள ஒரு படமாவது வித்துக் காட்டு. இல்லன்னா வாயை மூடிக்கினு ஷாப்புக்குப் போ" என்றாள்.

நான் இரண்டு பக்கம் எழுத நினைத்த சிக்கலை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

4

வந்தது ஒரே வாடிக்கை. ஆற்காட்டு வேர்க்கடலை வியாபாரி ரத்தினசாமிக்குப் புது வீட்டுக் கூடத்தில் மாட்ட மகாலட்சுமி வேண்டும். "மொகம் மட்டும் என் சம்சாரத்தோடது. மத்ததெல்லாம் தெய்வத்தோடது" என்றார். சம்சாரத்தின் பெயர் அமிர்தவள்ளி. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கொண்டுவந்து உட்காரவைத்தார்கள்.

முதல் நாளே பழக்கதோஷத்தில் முனிரத்தினத்தின் கட்டைவிரல் அம்மாளின் கன்னத்தை நோக்கி நீண்டது. ரத்தினசாமி இருமினார். விரல் மடங்கியது.

அந்த வீட்டிலேயே நாற்பது நாள் தீட்டினார். தாமரை சுமார். இரண்டு பக்கமும் யானைகள் எருமைச் சாயலில் நின்றன, அவருக்குத் தெரிந்த தோல் அதுதான். ஆனால் முகம்! சின்ன வயதில் அம்மை வார்த்த முகம். வடு பதினேழு. பதினேழும் அதனதன் இடத்தில் இருந்தன.

"இன்னாய்யா இது, மகாலட்சுமிக்கு அம்மை போட்டு வுட்டிருக்க?" என்றார் ரத்தினசாமி.

"வடுவை மறைச்சுப் பழக்கமில்லீங்க. மறைச்சா மெட்ராஸ்ல தோல் வாங்கறவன் கண்டுபுடிச்சிடுவான்."

"இவளை நான் மெட்ராஸுக்கா ஏத்தறேன்? தொடைச்சிட்டு மழமழன்னு பூசு. இல்லன்னா படம் வேணாம்."

பக்ரீத்துக்கு இன்னும் இரண்டே நாள். கடைசியாகத் தீட்டிய முகத்தில் சாயம் இன்னும் காயவில்லை, ஒரு துணி போதும்.

5

முடிவு அ: துடைக்கிறார். வாழ்நாள் முழுக்க வடுவில்லாத லட்சுமிகளைத் தீட்டிப் பெரிய வீடு கட்டுகிறார்.

முடிவு ஆ: மறுக்கிறார். பக்ரீத் அன்று தோல் குவியலின் முன் உட்காருகிறார். தனகோடி பழையபடி சட்டை துவைக்கிறாள்.

முடிவு இ: ஒரு வெள்ளைக்காரத் துரை அந்தப் பக்கமாக வந்து படத்தைக் கண்டு மெய்சிலிர்த்து... [வெட்கமாக இருக்கிறது. அடித்துவிடுகிறேன்.]

எந்த முடிவை எடுப்பது என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தபோது அமிர்தவள்ளி எழுந்தார். நான் எழச் சொல்லவில்லை. படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு படத்தின் பின்பக்கம் போனார்.

"இது இன்னா?"

முனிரத்தினம் நீலப் பென்சிலை மடியில் செருகினார். "நம்பருங்க. கைப்பழக்கம்."

"ஒண்ணுன்னு போட்டிருக்கு."

"ஆமாங்க."

"அம்மைவடு இருந்தா ஒண்ணு போடுவீங்களா?"

"பதினெட்டு வருஷத்துல போட்டதில்லீங்க."

ரத்தினசாமி துணியை நீட்டினார். முனிரத்தினம் கையை நீட்டவில்லை. அமிர்தவள்ளிதான் அதை வாங்கிக்கொண்டார்.

6

இங்கே நிறுத்துகிறேன். அமிர்தவள்ளி துடைத்தால் முனிரத்தினம் சித்திரக்காரர், துடைக்காவிட்டால் நாளை மறுநாள் ஷாப்பு. எழுதிவிடலாம்தான். ஆனால் வியாபாரி, சித்திரக்காரர், நான், மூன்று ஆண்களும் இத்தனை பக்கமாக அந்தக் கன்னத்தைப் பற்றியே பேசினோம். அந்த அம்மாளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. இப்போது போய்க் கேட்க எனக்கு முகமில்லை.

நீங்கள் கேளுங்கள். துணியோடு நிற்கிறார். கேட்கும்போது மட்டும் கன்னத்தைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள்.