அடக்கியவர்களும் எரித்தவர்களும்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஆண்கள் வீடு திரும்பும் முன்பே அந்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றி வந்திருந்தது. கருப்பு ஹபாயாவோடு ஸம்றா டீச்சர் ஒலிவாங்கிக்கு முன் நிற்கிறாள். "கொள்ளைநோய் வந்த நேரம் எல்லாரும் நோயாளிய விட்டுப்போட்டு ஓடினாங்க. கிறிஸ்தவங்க ஓடல்ல. தங்கட ஆக்கள மட்டுமில்ல, மத்தவங்கள்ல செத்தவங்கட மையத்தையும் தூக்கி அடக்கினாங்க. அந்த மார்க்கம் வாளால பரவல்ல, இதாலதான் பரவிச்சி." அவ்வளவுதான். அதோடு வீடியோ நின்றுவிடும். கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: 'நமது பெண் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவம் போதிக்கும் ஆசிரியை. பெற்றோர்களே, விழித்துக்கொள்ளுங்கள்.'

அடுத்து அவள் சொன்ன வசனத்தை வெட்டியிருந்தார்கள். 'ஆனால் அதிகாரம் கைக்கு வந்த பிறகு அவர்களே மற்றவர்களின் தொழுமிடங்களை எரித்தார்கள்' என்பதுதான் அந்த வசனம். வெட்டியவனுக்குக் கத்தியை எங்கே வைக்க வேண்டுமென்று நன்றாகத் தெரிந்திருந்தது.

ஸம்றா கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறவள். வார இறுதியில் மட்டக்களப்புக்குப் போய் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கான ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தாள். ரோமப் பேரரசில் ஆதித் திருச்சபை எப்படிப் பரவியது என்பது அவளுடைய தலைப்பு. பாடசாலையின் வரலாற்று மன்றத்தில் அதைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டதே அதிபர்தான்.

அவளுடைய மூத்த சகோதரர் நஜீம் காக்கா மோட்டார் சைக்கிளை வளவுக்குள் கொண்டுவந்து நிறுத்தக்கூட இல்லை. கேற்றடியிலேயே சத்தம் தொடங்கிவிட்டது.

"ஒனக்குப் படிக்க வேற ஒண்டும் கிடைக்கல்லயா கா? இஸ்லாமிய வரலாறு இரிக்கி, நம்மட ஊர்ட வரலாறு இரிக்கி. எங்கயோ கிடந்த சபையால ஒனக்கு என்ன வந்த?"

"காக்கா, நீங்க முழுசாக் கேட்டீங்களா?"

"ஊரு முழுசாக் கேக்காது. கடைக்கு வாறவனெல்லாம் ஒன்னப் பத்தித்தான் கதைக்கிறான். ஹமீட் ஹாஜியார் போன்ல கதைச்சாரு. திங்கட்கிழமை ஸ்கூலுக்கு வாறாராம். நீ மன்னிப்புக் கேட்டா அதோட முடிஞ்சி."

"எதுக்கு மன்னிப்பு?"

"எதுக்கெண்டு அவரே எழுதித் தருவாரு. நீ வாசிச்சாப் போதும்."

ஸம்றாவுக்குக் காதுமடல் வரை சூடேறியது. ஹமீட் ஹாஜியார் பள்ளிவாசல் நிருவாகத் தலைவர். அவர் பெயரைக் கேட்டாலே அவளுக்கு இப்படித்தான் ஆகும். வாப்பா இறந்த நாளிலிருந்து இப்படித்தான்.

அவளுடைய வாப்பா அச்சிமுகம்மது சவளக்கடைக் கிராமத்தில் வயல் செய்தவர். கொரோனாக் காலத்தில் மூச்சு இழுக்குது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போன மனிதர் திரும்பவில்லை. மையத்தைத் தர மாட்டோம், எரிக்கத்தான் வேண்டும் என்றார்கள். கொரோனாவில் செத்தால் எரிப்பதுதான் அன்றைய சட்டம். குளிப்பாட்ட விடவில்லை, கபன் துணி சுற்ற விடவில்லை. உம்மா தலையில் அடித்துக்கொண்டு கிடந்தபோது, ஸம்றா ஆஸ்பத்திரி வாசலில் போய் உட்காருவோம், ஊரைக் கூப்பிடுவோம், நீதிமன்றம் போவோம் என்று கத்தினாள். அப்போதுதான் ஹமீட் ஹாஜியார் வந்தார். வீட்டுக்குள் வரவில்லை. முகக்கவசத்தோடு மதிலுக்கு அப்பால் நின்று சொன்னார்: "சத்தம் போடாதீங்க. ஈஸ்டர் குண்டு வெடிச்ச நாள்ல இருந்து நம்மள ஒரு மாதிரித்தான் பாக்குறாங்க. இதுக்கும் எழும்பி நிண்டா ஊரையே பூட்டிப்போடுவாங்க. சபூர் செய்யுங்க, பொறுத்துக்கோங்க."

எரிக்கச் சம்மதம் என்று நஜீம் காக்கா கையெழுத்து வைத்தார். மூடி ஆணியடித்த பெட்டியைத் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அது வாப்பாதானா என்றுகூடத் தெரியாது. சில மாதங்களில் சட்டம் மாறியது. ஓட்டமாவடியில் காணி ஒதுக்கி ஜனாஸாக்களை அடக்க விட்டார்கள். அதற்குப் பிறகு மௌத்தானவர்களுக்கு மண் கிடைத்தது. அவர்களின் பிள்ளைகளுக்குப் போய் நின்று ஸலாம் சொல்ல ஓர் இடம் இருந்தது. ஸம்றாவுக்கு இல்லை.

ஆராய்ச்சி அங்கேதான் முளைத்தது. வேறு எதற்கோ நூலகத்தில் புத்தகம் புரட்டிக்கொண்டிருந்தவள் அந்தப் பக்கத்தில் தடுக்கி விழுந்தாள். இன்றைய பிரான்ஸில் ரோன் நதிக்கரை நகரம் ஒன்றில், ரோம ஆட்சிக் காலத்தில், கிறிஸ்தவர்கள் சிலரைக் கொன்றார்கள். கொன்றதோடு விடவில்லை. உடல்களை அடக்க விடாமல் காவல் போட்டார்கள். பிறகு எரித்துச் சாம்பலை ஆற்றில் தள்ளினார்கள். மண்ணுக்குள் போனால்தானே மறுமையில் எழும்புவார்கள், அதையும் பார்ப்போம் என்று. தப்பியிருந்தவர்கள் எழுதி வைத்திருந்தார்கள்: எங்கள் ஆட்களை மண்ணில் வைக்க முடியாமல் போனதே எங்களுக்குப் பெரிய துக்கம் என்று. ஸம்றா புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தெரியாத மொழியில், தெரியாத மார்க்கத்தில், ஆயிரத்து எண்ணூறு வருடத்துக்கு முந்தி யாரோ அவளுடைய வீட்டுக் கதையை எழுதியிருந்தார்கள்.

எண்ணிக்கையில் கொஞ்சம், கையில் அதிகாரம் இல்லை, ஊரே சந்தேகமாகப் பார்க்கும் கூட்டம். அது எப்படிப் பேரரசு முழுக்கப் பரவியது? அதைத்தான் தேடினாள். தேடத் தேட ஒன்று தெரிந்தது. அவர்கள் செத்தவர்களைக் கைவிடவில்லை. நாதியற்றவனுக்கும் குழி வெட்டினார்கள். அவர்கள் எழுதி வைத்ததை மட்டும் அவள் நம்பவில்லை. தங்களைப் பற்றி எழுதும்போது யாரும் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார்கள். ஆனால் அவர்களை அடியோடு வெறுத்த ஒரு பேரரசனே, அந்நியர்களுக்குச் செய்யும் உதவியாலும் செத்தவர்களை அடக்குவதில் காட்டும் அக்கறையாலும்தான் இவர்கள் வளருகிறார்கள் என்று எரிச்சலோடு ஒப்புக்கொண்டிருந்தான்.

"நான் வாசிக்க மாட்டன் காக்கா," என்றாள்.

"அப்ப ஊரோட நீயே பாத்துக்க," என்று நஜீம் வண்டியைத் திருப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பு பஸ்ஸில் ஏறும்போது ஒரு ஆறுதல் இருந்தது. மேற்பார்வையாளர் பவிதரன் சேர் படித்த மனிதர், மெதடிஸ்த குடும்பம். அவராவது தன் பக்கம் நிற்பார் என்று நினைத்தாள். அவர் வீடியோவைப் பார்த்திருந்தார். கவலைப்பட்டார். தேத்தண்ணி வரவழைத்தார். பிறகு அவளுடைய ஆராய்ச்சிப் பிரதியை எடுத்துக் கடைசி அத்தியாயத்தில் விரலை வைத்தார்.

"ஸம்றா, இத எடுத்துவிடுவமா?"

திருச்சபைக்கு அரசனின் ஆதரவு கிடைத்த பிறகு நடந்ததைச் சொல்லும் அத்தியாயம் அது. யூப்ரடீஸ் நதிக்கரை நகரம் ஒன்றில் கிறிஸ்தவக் கூட்டம் யூதர்களின் தொழுகைக்கூடத்தை எரித்தது. எரித்தவர்களே கட்டிக்கொடுக்க வேண்டும் என்று பேரரசன் கட்டளை போட்டான். ஒரு பேராயர் எழும்பி நின்று, அரசனை மிரட்டி, அந்தக் கட்டளையையே திரும்பப் பெறவைத்தார்.

"ஏன் சேர்? பிழையா எழுதியிரிக்கேனா?"

"பிழையில்ல. ஆனா தலைப்பு 'பரவியது எப்படி'தானே. இது தேவையில்ல. அதோட... எங்கட ஆக்களின்ர மனசு இன்னும் ஆறல்ல. ஈஸ்டர் அண்டைக்கு என்ர சித்தப்பாட மகள் கோயில்ல குண்டு வெடிச்சுத்தான் செத்தவள். நீங்க முஸ்லிம். நீங்க இத எழுதினா அது வேற மாதிரிக் கேக்கும்."

அந்தச் சாவைக் கேட்டு அவள் தலை குனிந்தாள். குனிந்த தலை நிமிரும்போது கோபம் போகவில்லை, கூடியிருந்தது.

"சேர், உங்கட தங்கச்சிக்காக நான் துஆ செஞ்சிருக்கன். அது வேற. வெள்ளிக்கிழமை எங்கட ஊர்ல நான் கிறிஸ்தவமாயிட்டன் எண்டாங்க. இண்டைக்கு நீங்க நான் முஸ்லிம் எண்டு சொல்றீங்க. நான் வரலாறு படிக்கிறவ எண்டு சொல்றதுக்கு இந்தக் கரையில ஒருத்தரும் இல்லயா?"

பவிதரன் பக்கத்திலிருந்து விரலை எடுத்தார்.

"அவங்களுக்கு இந்தப் பக்கத்த வெட்டணும், உங்களுக்கு அந்தப் பக்கத்த வெட்டணும். நான் ரெண்டு பேருக்கும் வெட்டிக் குடுத்தா அட்டை மட்டும்தான் சேர் மிஞ்சும்."

தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அவள் பிரதியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை அதிபரின் அறையில் ஹமீட் ஹாஜியார் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நஜீம் காக்கா. அதிபர் சேட்டை செய்து பிடிபட்ட பிள்ளையைப் போல மேசையில் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பேசச் சொல்லிக் கேட்டது நான்தான் என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை.

"டீச்சர், நாங்க உங்களக் குறை சொல்ல வரல்ல," என்று ஹாஜியார் தொடங்கினார். "தெரியாமப் பேசிட்டன், இந்த ஆராய்ச்சிய விட்டுட்டன் எண்டு காலைக் கூட்டத்தில சொல்லுங்க. பிள்ளைகள்ட மனசு கெட்டுப்போகும்."

"என்ன கெட்டுப்போகும் ஹாஜியார்? மையத்த அடக்குறது நல்ல விஷயம் எண்டு பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிட்டா கெட்டுப்போகுமா? நம்மட மார்க்கத்திலயும் அது கடமதானே?"

"அத நம்மட ஸஹாபாக்களோட வாழ்க்கையில இருந்து சொல்லலாமே. காபிர்கள்ட்ட இருந்தா படிக்கணும்?"

"சொல்லலாம். நம்மளே செஞ்சிருந்தா." அவள் குரல் உயர்ந்தது. "என்ட வாப்பாவ எரிக்கக்குள்ள நீங்க எங்க நிண்டீங்க? மதிலுக்கு அங்கால நிண்டீங்க. சபூர் செய்யுங்க எண்டீங்க. அண்டைக்கு மார்க்கத்துக்கு ஒண்டும் நடக்கல்ல, இண்டைக்கு நான் பேசினதாலயா மார்க்கத்துக்கு ஆபத்து வந்திரிச்சி?"

"ஸம்றா!" என்று நஜீம் எழும்பினார்.

"இருங்க காக்கா."

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். திடீரென்று வயதானவராகத் தெரிந்தார். "மகள், உங்களுக்குத் தெரியாது. நாச்சியாட மாப்பிள்ள, என்ட கூடப்பிறந்தவள்ட மாப்பிள்ள, அவரும் அதே மாதம்தான் மௌத்து. அவரையும் எரிச்சாங்க. நாங்க வெளியில சொல்லல்ல. பயம். ஊருக்கு ஏதும் ஆகிடும் எண்ட பயம்."

இந்தச் சொல்லோடு அவள் இளகிவிடுவாள் என்று நஜீம் எதிர்பார்த்தது முகத்தில் தெரிந்தது. ஒரு கணம் ஸம்றாவும் அப்படித்தான் நினைத்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"அப்ப உங்கட வீட்டுலயும் எரிஞ்சிரிக்கி. அப்பவும் நீங்க வாய் துறக்கல்ல. எங்கட வாசலுக்கு வந்து எங்கட வாயையும் பொத்திட்டுப் போனீங்க. எரிச்சவங்களுக்கு எதிரா ஒரு நாளும் துறக்காத வாய், ஒரு பொம்புளப்புள்ள மேடையில நிண்டு அடக்கினவங்களப் பத்திக் கதைச்ச உடன துறந்திரிக்கி. பயந்தது பெரிய குத்தமில்ல ஹாஜியார். எல்லாரும்தான் பயந்த. ஆனா என்ன மன்னிப்புக் கேக்கச் சொல்ல உங்களுக்கு முகம் இல்ல."

ஹாஜியார் தொப்பியை எடுத்து மாட்டினார். எழும்பி, யாரையும் பார்க்காமல் வெளியேறினார். நஜீம் அவர் பின்னால் ஓடினார்.

வென்றுவிட்டோம் என்று ஸம்றா நினைக்கவில்லை. நினைக்காதது நல்லதாகப் போயிற்று. அடுத்த வாரமே உயர்தர வகுப்பு வேறொருவர் கைக்குப் போனது. அவளுக்கு ஆறாம் வகுப்பு கிடைத்தது. காரணம் கேட்டபோது, பாட நேரசூசி மாற்றம் என்றார் அதிபர். கடைத்தெருவில் சில பெண்கள் அவளைக் கண்டு பாதை மாறினார்கள். வீட்டில் உம்மா மட்டும் ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள், "நீ சொன்ன அந்த ஆக்கள்ட சாம்பல ஆத்தில போட்டாங்களே, அதுக்கு மறுகா மிஞ்சின ஆக்கள் என்ன செஞ்சாங்க புள்ள?"

"இருந்தவங்க எழுதி வெச்சாங்க உம்மா. பேர் பேரா."

"அப்ப நீயும் எழுது," என்றாள் உம்மா. அதற்கு மேல் அதைப் பற்றி அவள் கதைக்கவே இல்லை.

ஸம்றா பிரதியை முழுதாகச் சமர்ப்பித்தாள். பவிதரன் நீண்ட நாள் கையெழுத்துப் போடாமல் வைத்திருந்துவிட்டு, ஒருநாள் ஒன்றும் சொல்லாமல் போட்டு அனுப்பினார். வாய்மொழித் தேர்வில் கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் கடைசி அத்தியாயத்தைத் தட்டிக் காட்டி, "நடையில் கோபம் தெரிகிறதே," என்றார்.

"முதல் அத்தியாயத்திலும் அதே கோபம்தான் சேர்," என்றாள். "எரித்தது ரோமர் என்பதால் அங்கே உங்களுக்கு உறுத்தவில்லை."

பவிதரன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்த அத்தியாயத்தில் ஆதாரம் எல்லாம் சரியாக இருக்கிறது. அது இருக்கட்டும்," என்று பரீட்சகரிடம் சொன்னார். சொன்னதோடு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது எவ்வளவு கனம் என்று ஸம்றாவுக்குத் தெரிந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. சிறு திருத்தங்களோடு தேர்வு முடிந்தது.

கல்முனை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது நஜீம் காக்காவின் அழைப்பு வந்தது. பாடசாலை அறையில் பேசிய நாளுக்குப் பிறகு முதல் தடவை.

"பாஸாகிட்டயாமே. உம்மா சொன்னா." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் அண்டைக்குக் கையெழுத்து வெக்காம இருந்தாலும் எரிச்சிருப்பாங்க தானே கா?"

"ஓம் காக்கா. எரிச்சிருப்பாங்க."

"அப்ப ஏன் இன்னும் கோவமா இரிக்காய்?"

ஓட்டமாவடிப் பக்கம் போகும் பஸ் ஒன்று எதிரே கடந்தது. அவள் கண்ணாடியைத் திறந்து, காற்றில் ஹிஜாபைப் பிடித்துக்கொண்டாள்.

"கையெழுத்து வெச்சதுக்கு இல்ல. அதுக்குப் பிறகு வாப்பாட பேர ஒரு தரமும் நீங்க வெளியில சொல்லல்ல. ஞாயிற்றுக்கிழமை வீட்ட வாங்க, உம்மா சமைப்பா. சாப்பிடலாம். ஆனா வாப்பாவப் பத்தி நீங்க கதைக்கணும் காக்கா, நான் இல்ல."

மறுமுனையில் கடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் வருவேன் என்றும் சொல்லவில்லை, வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஸம்றாவே போனை வைத்தாள்.