ஞாயிற்றுக்கிழமை வண்டியில் ஓர் இடம்

எங்கள் ஊருக்கு வருகிறவர்கள் வண்டியை விட்டு இறங்கியதும் மூச்சை இழுத்து விட்டு, "ஆகா, என்ன காத்து!" என்பார்கள். காற்று பெய்ரூத்திலும் இருக்கிறது, அங்கே யாரும் அதை மதிப்பதில்லை, அவ்வளவுதான். அப்புறம் எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். என் கணவன் நஸ்ரி எங்கள் தோட்டத்துத் திராட்சையில் செய்து ஊற்றித் தரும் ஒயினைக் கோப்பையில் சுழற்றிவிட்டு, கடைசியில் என்னிடம் திரும்புவார்கள். "இந்த ஊர்ல வாழக் குடுத்து வச்சிருக்கணும், இல்ல?"

நான் சிரிப்பேன். ஏழு வருடமாக அந்த ஒரே சிரிப்பைச் சிரித்து என் தாடை வலிக்கிறது.

கல்யாணத்துக்கு முன்னால் பெய்ரூத்தில் பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்கி முடித்து விளக்கடியில் திருப்பிப் பார்க்கிற சந்தோஷம் எந்தத் தோட்டத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. இங்கே கோப்பை கழுவுகிறேன், சீஸ் வெட்டுகிறேன், குளவி ஓட்டுகிறேன். போன வாரம் பழைய முதலாளி மதாம் ஓதெத் போன் செய்தாள். "திங்கக்கிழமை காலைல வந்து உக்காந்தா மேசை உன்னோடது. வரலைன்னா வேற பொண்ணு தயாரா இருக்கா."

நஸ்ரியிடம் அன்றே சொன்னேன். "திராட்சை பறிச்சு முடியட்டும் ஹியாம், உக்காந்து பேசலாம்" என்றான். இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன். கொடி கழிக்கிற வேலை முடியட்டும் என்றான், பூ உதிரட்டும் என்றான், ஒயினைப் பீப்பாய் மாற்றி முடியட்டும் என்றான். திராட்சைக்கு வேலை முடிவதே இல்லை என்பது அவனுக்கும் தெரியும். கெட்டவன் இல்லை. தள்ளிப்போட்டால் ஆறிவிடும் என்று நம்புகிறவன், அவ்வளவுதான்.

பெய்ரூத் போகிற வேனில் ஏறிப் போயிருக்கலாம். ஆனால் தனியாகப் பையோடு சதுக்கத்தைக் கடந்தால், வேன் மலை ஏறுவதற்குள் 'ஹியாம் புருஷனை விட்டுட்டாளாம்' என்ற செய்தி மலையைத் தாண்டிவிடும். அக்கா வண்டியில் போனால் அதற்குப் பெயர் விருந்து.

அக்கா ரிந்தலா பெய்ரூத்தில் இருக்கிறாள். ஞாயிறு தவறாமல் தன் கணவர் ரோஜேவோடு வந்துவிடுவாள். சாயங்காலம் கிளம்பும்போது வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, "நீயும் ஏறு கண்ணே, எங்களோட வந்துடு! உன் ரூம் தயாரா இருக்கு!" என்பாள். நான், "இன்னொரு நாள், கடவுள் நெனச்சா" என்பேன். அவள் கூப்பிட வேண்டும், நான் மறுக்க வேண்டும். இது எங்கள் ஊர் மரியாதை. கூப்பிடாமல் போனால்தான் தப்பு.

இந்த ஞாயிறு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்தே நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தேன். மொட்டைமாடியில் சாப்பாடு. கிப்பே என்கிற கறி உருண்டைத் தட்டை வைத்தேன், உப்பு எடுக்கப் போனேன், உட்கார்ந்தேன், தண்ணீர் எடுக்கப் போனேன்.

"கால்ல சக்கரம் கட்டியிருக்கியாடி?" என்றாள் ரிந்தலா. கோப்பையோடு சாய்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தாள். "நான் மட்டும் உன் இடத்துல இருந்தா இந்த மாடியை விட்டு எறங்கவே மாட்டேன்."

"வா, மாத்திக்கலாம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். "இவளா?" என்றார் ரோஜே. "மூணாம் நாள் கடைக்காரன்கூடச் சண்டை போட்டுட்டு நடந்தே வந்துடுவா." நஸ்ரி விழுந்து விழுந்து சிரித்தான். நான் உப்பு எடுக்க மறுபடியும் எழுந்தேன். உப்பு மேசையிலேயே இருந்தது.

கிளம்புகிற நேரம். வெறும் கையோடு அனுப்பினால் ஊர் காறித் துப்பும் என்பதுபோல நஸ்ரி வண்டியை நிரப்பினான். திராட்சைப் பெட்டிகள், எண்ணெயில் போட்ட தயிர்க்கட்டி, வினிகர், ஒயின். பின் இருக்கையில் சாமான் கூரைவரை ஏறியது. ரிந்தலா கதவைப் பிடித்தாள். "நீயும் ஏறு கண்ணே, எங்களோட வந்துடு!"

"சரி" என்றேன்.

சுற்றிப் போய்ப் பின் கதவைத் திறந்து, ஒரு திராட்சைப் பெட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். குளவி ஒன்றும் கூடவே ஏறியது. முதலில் ரோஜே சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

"என்னடி விளையாட்டு இது?" என்றாள் ரிந்தலா.

"நீதானே கூப்பிட்டே?"

"கூப்பிட்டேன். கூப்பிடாம போவாங்களா? அதுக்காக..."

"ரூம் தயாரா இருக்குன்னியே."

அவள் ரோஜேவைப் பார்த்தாள். "அந்த ரூம்ல இவரோட சைக்கிள் மெஷின் நிக்குது."

"அதுல துணிதான் காயுது" என்றார் ரோஜே மெதுவாக. "நகத்திடலாம்."

"நாளைக்குக் காலைல மதாம் ஓதெத்கிட்ட வேலைக்குச் சேர்றேன்" என்றேன். அக்காவுக்குச் சொன்னதுபோல இருந்தாலும் நஸ்ரியைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அவன் ஜன்னலுக்கு வந்தான். ஈரக் கையைக் கண்ணாடி விளிம்பில் வைத்தான்.

"பொழுது இன்னும் சாயலையே ஹியாம். இருந்துட்டுப் போயேன்."

போகிற விருந்தாளிக்கு இங்கே எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தைதான் அது. யாரும் அதைக் கேட்டு இருந்துவிடுவதில்லை. நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் அவன் குரல் உடைந்திருந்தது.

"நெஜமா சொல்றியா நஸ்ரி, இல்ல மரியாதைக்குச் சொல்றியா?"

வாயைத் திறந்தான். ஒளிப்பானேன், 'நெஜமாத்தான், போகாதே' என்று அவன் சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கி வைத்திருப்பேன். மதாம் ஓதெத்தின் மேசையில் வேறு பெண் உட்கார்ந்திருப்பாள், நான் ஒரு மாதம் அழுதுவிட்டுக் கோப்பை கழுவியிருப்பேன். அவன் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சொல்லிவிடுவானோ என்று பயமாகவும் இருந்தது.

பின்னால் ஹார்ன் அடித்தது. தெருவை அடைத்துக்கொண்டு ஒரு வாடகைக் கார் நின்றது. தொப்பி போட்ட ஒரு பெண் தலையை நீட்டி, "ஒயின் ருசி பார்க்கிற இடம் இதுதானே? திறந்திருக்கா?" என்று கேட்டாள்.

நஸ்ரியின் கை என் ஜன்னலை விட்டுத் தானாக எழுந்து, விருந்தாளியை வரவேற்க நெஞ்சுக்குப் போனது. "வாங்க, வாங்க! உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க!" என்றான், வாயெல்லாம் பல்லாக.

அப்புறம்தான் என் பக்கம் திரும்பினான். தான் என்ன செய்தோம் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பாவம், வேண்டுமென்று செய்யவில்லை. பழகின கை.

"அவங்களுக்கு வழி விடணும்" என்றேன். "வண்டியை எடுங்க ரோஜே."