சௌனாவுக்குள் பாறைப் பஞ்சு

அறுவைச் சிகிச்சைக்கு இருநூற்று அறுபத்து நான்கு மணி நேரம் இருந்தபோது அந்த மின்னஞ்சல் வந்தது. என் அண்ணன் அர்வோ அனுப்பிய மாதிரிப் பதிவை நிறுவனம் ஏற்கவில்லை. அறையின் எதிரொலி அதிகம், வேறு இடத்தில் பதிந்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

நூற்று அறுபது வாக்கியங்களை அவன் வாசித்துக் கொடுக்க வேண்டும். அதிலிருந்து அவன் குரலை அவர்கள் செய்து தருவார்கள். பிறகு அவன் தட்டச்சு செய்வதைக் கணினி அவன் குரலில் சொல்லும். ஆனால் ஒரு நாளைக்கு இருபது வாக்கியங்களைத்தான் அவன் தொண்டை தாங்கியது. எட்டு நாள் வேண்டும். அன்று வியாழன் காலை, கையில் பதினொரு நாள். சனிக்கிழமைக்குள் அறை சரியாக வேண்டும்.

அவன் சௌனாவில் உட்கார்ந்து பதிந்திருந்தான். எங்கள் ஊரான ஹான்காக்கில், வடதேசத்திலிருந்து வந்து குடியேறிய எங்களைப் போன்றவர்கள் வீட்டில் நிலவறையில் ஒரு சௌனா இருக்கும். சூடேறிய கற்கள்மேல் தண்ணீர் ஊற்றிவிட்டு வியர்க்க உட்காரும் சின்ன மர அறை.

"ஜன்னல் இல்ல, தெருச் சத்தம் இல்ல. இதைவிட அமைதியான இடம் எங்க இருக்கு ஹெல்மி?" என்றான்.

"வெளிச் சத்தம் உள்ள வராது அண்ணா. ஆனா உன் சத்தம் உள்ளயே சுத்துது. பலகைக்குப் பின்னாடி அலுமினியத் தாள் ஒட்டியிருக்கு."

நான் ஒருமுறை கைதட்டினேன். ஓசை சுவரிலிருந்து சுவருக்குப் போய்ப் போய் வந்தது.

வேறு அறைக்கு மாறலாம் என்றால் மேலே குளிர்சாதனப் பெட்டி, பக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் உலை. இரண்டும் ஓயாமல் உறுமின. சௌனாவையே சரிசெய்வது என்று முடிவானது.

வானொலி நிலையத்தில் ஒட்டியிருப்பதைப் போன்ற மெல்லிய நுரைச் சதுரங்களை அவன் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தான். பதினாறு வருடம் அவற்றின் நடுவே உட்கார்ந்து ஹாக்கி வர்ணனை செய்தவன். அவை கூர்மையான ஓசைகளைத்தான் விழுங்கும். அவன் குரலின் அடி ஓசைக்கு மூன்று மீட்டர் அலைநீளம். அதற்கு இரண்டு சென்டிமீட்டர் நுரை எம்மாத்திரம்? திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

நானும் அர்வோவும் போன கட்டுமானப் பொருள் கடையில் விற்பவர் கெட்டி நுரைப் பலகையைக் காட்டினார்.

"குளிருக்கு ஊரே இதைத்தாம்மா வாங்குது."

நான் ஒரு துண்டை வாயருகே பிடித்து ஊதினேன். காற்று போகவில்லை. காற்று நுழைய முடியாததற்குள் ஒலியும் நுழையாது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்; என் முகம் சுட்டது. அடுத்து, பாறையை உருக்கி நாராக்கிச் செய்த பாறைப் பஞ்சில் ஊதினேன். சிரமப்பட்டு, மெல்ல, மறுபக்கம் வைத்திருந்த உள்ளங்கையில் காற்று பட்டது. பத்து சென்டிமீட்டர் கனம். ஸ்டுடியோவுக்கென்று விற்கும் பலகையின் விலையில் ஆறில் ஒரு பங்கு.

"இதுலயே ரெண்டு கட்டு" என்றேன்.

"நானும் ஊதிப் பாக்கறேன்" என்றான் அர்வோ.

"வேணாம் அண்ணா. நார் தொண்டைக்குள்ள போயிடும்."

அவன் கையை இறக்கிக்கொண்டான்.

வெள்ளி மாலை அவனை மாடிக்கு அனுப்பிவிட்டு முகமூடி போட்டுக்கொண்டு பஞ்சை அறுத்தேன். ஒவ்வொரு துண்டையும் பழைய படுக்கை விரிப்பில் இறுக்கிச் சுற்றி, நார் வெளியே வராதபடி தைத்தேன். சனிக்கிழமை மரச்சட்டம் அடித்து, சுவரிலிருந்து கொஞ்சம் இடைவெளி விட்டு நிறுத்தினேன். அந்த இடைவெளி இருந்தால் அடி ஓசை இன்னும் குறையும். கூரைக்கும் இரண்டு. கற்களைச் சூடேற்றும் அடுப்பின் மின் இணைப்பைத் துண்டித்தேன். மறுபடி கைதட்டியபோது ஓசை என் கையிலேயே முடிந்துபோனது.

ஐந்து மணிக்கு புருனோ வந்தான், தோளில் துண்டு, கையில் பீர். வர்ணனையில் அர்வோவின் பக்கத்து நாற்காலிக்காரன். சனிக்கிழமை சௌனா அவனுக்கு எங்கள் வீட்டில்தான். அவனிடம் சொல்ல வேண்டாம் என்று அர்வோ என்னிடம் மூன்று முறை கேட்டிருந்தான். நிலையத்தில் தொண்டைப் புண் என்று விடுப்பு எடுத்திருந்தான். நோயின் உண்மையான பெயரை நாங்கள் இரண்டு பேருமே வீட்டில் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கதவைத் திறந்தவன் அப்படியே நின்றான்.

"அடப்பாவிகளா! சௌனாவுக்கு மெத்தை போட்டிருக்கீங்க? கல்லெல்லாம் சில்லுனு இருக்கு! டேய் அர்வோ, உங்க தாத்தா ஆவி வந்து உன்னைத் தண்ணி ஊத்தியே கொல்லும்."

அர்வோ சிரித்தான். புருனோவின் கண் ஒலிவாங்கிமேல் போனது.

"இது எதுக்கு?"

"சும்மா. பதிவு பண்ண."

"என்ன பதிவு?"

அர்வோ பலகைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான்.

"புரிஞ்சுடுச்சு" என்றான் புருனோ. "விடுப்பு, தொண்டைப் புண், இப்போ வீட்டுக்குள்ள ஸ்டுடியோ. பெரிய ஊர் நிலையத்துக்கு மாதிரி அனுப்புற. டெட்ராய்டா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே உன்னைப் பஸ் ஏத்தி விட்டிருப்பேனேடா."

"அப்படி இல்ல புருனோ."

"பின்ன எப்படி? ஏம்மா ஹெல்மி, நீயாவது சொல்லு. உங்கண்ணன் எங்க போறான்?"

நான் கையுறையைக் கழற்றினேன். பொய் சொல்ல எனக்கு வராது. உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

புருனோ துண்டைத் தோளிலிருந்து எடுத்தான். "பதினாறு வருஷம். நீ மூச்சு விடுற இடத்துல நான் பேசுவேன், நான் விடுற இடத்துல நீ பேசுவ. இப்போ என் பக்கத்துல யாரு உக்காருவா?" குரல் உயர்ந்தது. பஞ்சு அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டது. அவன் சத்தம் போட்டது போலவே இல்லை. அவனே திகைத்துச் சுவரைப் பார்த்தான். பிறகு வாசலை நோக்கித் திரும்பினான்.

"கதவைச் சாத்துடா. சாத்திட்டு உக்காரு" என்றான் அர்வோ.

புருனோ கதவைச் சாத்தினான். உட்காரவில்லை. உலையின் உறுமல் நின்றது. மூன்று பேரின் மூச்சு மட்டும் தனித்தனியாகக் கேட்டது.

"நான் எங்கயும் போகல" என்றான் அர்வோ. "வர்ற திங்கள் இல்ல, அதுக்கு அடுத்த திங்கள், என் குரல்வளைய எடுக்கறாங்க. புத்துநோய். அதுக்கப்புறம் எனக்குப் பேச்சு கிடையாது, புருனோ."