பஹ்மியாவின் கொப்பி

பல்கலைக்கழக ஆய்வுக்காகத் தயாளினி மூன்று கிழமை சல்லி என்ற மீனவர் ஊரின் கடற்கரைக்குப் போய்வந்தாள். மனிதர் செய்யும் வேலையை முக்கோணமாக வரைந்து விளங்கிக்கொள்வது அவளுடைய பாடம். செய்பவர், கருவி, நோக்கம் மூன்றும் மேலே. விதிகளும் சுற்றியிருக்கும் சமூகமும் வேலைப் பங்கீடும் அடியில். இவற்றுக்குள் எங்கே இழுபறி இருக்கிறதோ, வேலை அங்கேதான் ஆளை வருத்தும் என்பது கோட்பாடு.

அவள் தேர்ந்தெடுத்தது பஹ்மியாவின் வேலையை. கிண்ணியாவிலிருந்து ஸ்கூட்டியில் வரும் பஹ்மியா, கரைக்கு வரும் மீனை அளந்து ஒரு நிறுவனத்துக்காக டெப் எனும் கைக்கணினியில் பதிவுசெய்பவள். அதையே பிறகு கையால் ஒரு நோட்டுக் கொப்பியிலும் எழுதுவாள். டெப்பில் இடமில்லாத காற்றும் நீரோட்டமும் கொப்பியில் இருக்கும். இரண்டும் முடிய மத்தியானம் தாண்டிவிடும். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழும்புவாள்.

ஏன் இரண்டு என்று தயாளினி கேட்டாள். கனகரத்தினம் போன்ற மீனவர்கள் கடலுக்கு இறங்குமுன் வந்து, போன வருஷம் இதே காற்றில் சூடை மீன் எந்தப் பக்கம் பட்டது என்று கேட்பார்களாம். டெப்பில் போட்டது கொழும்புக்குப் போனால் திரும்பி வராதாம்.

கருவி இரண்டு, நோக்கமும் இரண்டு என்று தயாளினி வரைந்தாள். இது இரட்டை வேலை, காற்றும் நீரோட்டமும் பதிய டெப்பைத் திருத்த வேண்டும் என்று நிறுவனத்துக்கு அறிக்கை கொடுத்தாள். பஹ்மியாவுக்கு நல்லது செய்துவிட்டதாகவே நினைத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் போனபோது பஹ்மியாவிடம் டெப் மட்டும் இருந்தது. நிறுவனம் அறிக்கையை வாசித்திருந்தது. டெப்பை மாற்றுவது சிரமம் என்பதால், கொப்பியை நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டார்கள்.

"நான் அப்பிடி எழுதேல்லை, பஹ்மியா."

"தெரியும் மிஸ். இடுப்பு நோவும் குறைஞ்சுதான் போச்சு." பஹ்மியா மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆனா இப்ப ஒருத்தரும் என்னோட நிண்டு கதைக்கிறேல்லை. மீனைக் காட்டிப்போட்டுப் போயிடுவாங்க."

கனகரத்தினம் கூடையோடு வந்தார். தயாளினி நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டாள். அவர் கூடையை இறக்கிவைத்தார்.

"அது பிள்ளையின்ர கொப்பி மட்டுமில்லை, எங்கடையும்தான். எங்களை ஆர் கேட்டது?"

அவள் கேட்கவில்லைதான். மூன்று கிழமையும் அவரைத் தினமும் கண்டிருந்தாள். முக்கோணத்தில் அவரும் மற்ற மீனவர்களும் 'சமூகம்' என்ற ஒற்றைச் சொல்லாக அடியில் இருந்தார்கள்.

அன்றே மணலில் குந்தியிருந்து மீனவர்கள் சொல்வதை எழுதினாள். அவர்கள் மெதுவாக, அவ்வளவு நம்பிக்கையில்லாமல் சொன்னார்கள். கொப்பியைத் திரும்பவும் எழுத விடும்படி நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தில் பதினொரு பேர் கையெழுத்து வைத்தார்கள்.

கடிதம் கிடைத்தது என்று நிறுவனத்திலிருந்து ஒரு வரி பதில் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. தயாளினி மாதத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கேட்கிறாள். பார்க்கிறோம் என்கிறார்கள்.