சலவை மடிப்பு

அக்கா சட்டைக் காலரில் தண்ணீர் தெளித்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினாள். பத்து மணிக்கு வண்டி வந்துவிடும். தம்பிக்குப் போட வேண்டிய வெள்ளைச் சட்டையோடு பிணவறைக்குப் போய்ச் சேர வேண்டும். பெட்டி நன்றாகத்தான் சூடேறியிருந்தது. கைதான் இறங்க மறுத்தது.

"தண்ணி காஞ்சிரப் போகுது," என்றார் கணவர். 'இன்று கடை விடுமுறை' என்று எழுதிய அட்டையைக் கதவில் கட்டிக்கொண்டிருந்தார். கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் இஸ்திரி மேசை, பின்னால் குடித்தனம்.

"காயட்டும்."

இதே சட்டைதான். இதே மேசைதான். அன்றைக்கு மட்டும் இந்தக் கை என்ன வேகமாக ஓடியது!

அப்பா காலத்திலிருந்தே அந்தக் குடும்பத்துக்கு ஒரே கொள்கை: வயிறு காய்ந்தாலும் சட்டை கசங்கக் கூடாது. ஊரார் துணியைத் தேய்க்கிறவனே கசங்கிப் போய் நின்றால் எவன் நம்பித் துணி போடுவான்? தம்பியும் அப்படி வளர்ந்தவன்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மடங்கிப்போனான். பேச்சு நின்றது, சாப்பாடு குறைந்தது. ஒரே பச்சை டீ ஷர்ட்டில் பதினெட்டு நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். "மாத்திரை மட்டும் போதாதும்மா, மூணு மாசமாவது மனநல இல்லத்துல தங்கி வைத்தியம் பாக்கணும்," என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். இல்லத்தில் படுக்கை இருந்தது. ஒரு மாதச் செலவைக் கேட்டதும்தான் தலை சுற்றியது. கடையை விற்றாலும் கட்டாது. காப்பீட்டு அலுவலகம் கட்டினால்தான் உண்டு. அவர்கள் கட்ட வேண்டுமானால் முதலில் ஆளை நேரில் பார்க்க வேண்டுமாம்.

சரி, பார்க்கட்டுமே என்றாள்.

அன்று காலை அவனைத் தூக்காத குறையாக இழுத்துப் போய்த் தலைக்கு ஊற்றினாள். கணவர் முகம் மழித்துவிட்டார். வெள்ளைச் சட்டையை நீட்டியதும் தம்பி தலையை ஆட்டினான்.

"வேணாங்க்கா. அந்தப் பச்சையே போட்டுக்கறேன்."

ஒரு வாரத்தில் அவன் பேசிய பேச்சே அவ்வளவுதான்.

"ஆபீசுக்குப் போறோம்டா! அழுக்கு மூட்டையாட்டம் போய் நின்னா எவன் மதிப்பான்? மானத்த வாங்காத."

போட்டுக்கொண்டான். விறைத்த காலர் கழுத்தைத் தொட்டதும் பழைய பழக்கத்தில் முதுகு தானாக நிமிர்ந்தது. மேசைக்கு அந்தப் பக்கமிருந்த அதிகாரி அம்மாள், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். கடைக்கு வருகிறவர்களிடம் இருபது வருஷமாகச் சொன்னதையே அங்கேயும் சொன்னான்: "நல்லா இருக்கேங்க." அதைக் கேட்டு அக்காவுக்குப் பெருமை வேறு. புத்தி கெட்டவள்!

எட்டாம் நாள் கடிதம் வந்தது. 'தூய உடை. சீவிய தலை. கேட்டதற்குக் கண்ணைப் பார்த்துப் பதில் சொல்கிறார். தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் திறன் நன்று. தங்கிச் சிகிச்சை பெறத் தேவையில்லை.'

அதற்கப்புறம் ஒன்பது வாரம் காப்பீட்டு அலுவலகத்துக்கு அலைச்சல். இந்தச் சன்னலில் கேட்டால் அந்தச் சன்னலைக் காட்டினார்கள். அந்தச் சன்னலில் இதைக் காட்டினார்கள். "அவனாக் குளிக்கலீங்க, நான்தான் குளிப்பாட்டுனேன்! நான்தான் தேய்ச்சுப் போட்டுவிட்டேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "எழுத்துல குடுங்கம்மா," என்றார்கள். கொடுத்தாள். அந்தக் காகிதமும் எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டது. எலும்பும் தோலுமாகிவிட்ட உடம்பு ஒரு நெஞ்சுச் சளிக் காய்ச்சலைத் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தும் நேற்று மத்தியானம் போய்விட்டான்.

மேசை மேலிருந்த போன் அடித்தது.

"உங்க மேல்முறையீட்ட ஏத்துக்கிட்டோம்மா," என்றது ஒரு பெண் குரல். "வியாழக்கிழமை காலைல மறுபடியும் பாக்குறாங்க. பேஷண்டக் கண்டிப்பா கூட்டிட்டு வரணும்."

"வர மாட்டான்."

"வரலேன்னா ஃபைல மூடிருவாங்கம்மா. அப்புறம் முதல்லேர்ந்து எழுதிப் போடணும்."

"மூடச் சொல்லு. அவன் போயிட்டான்."

"எங்க போயிட்டாரு?"

அக்கா போனைக் கணவர் கையில் திணித்தாள். அவர் வாசலுக்குப் போய்த் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். திரும்பி வந்தபோது முகம் சுண்டியிருந்தது. "சர்ட்டிபிகேட் காப்பி ஒண்ணு அனுப்பணுமாம்," என்றார். பிறகு, "நீ என்ன பண்ணுவ? நல்லதுன்னு நெனச்சுத்தானே பண்ணுன," என்றார்.

"பேசாம இருங்க! வேணாம்னு வாயத் தொறந்து சொன்னான். கேட்டேனா நான்?"

வெள்ளைச் சட்டையைச் சுருட்டி மேசைக்கடியில் எறிந்தாள். பின்னறை அலமாரியைத் திறந்தாள். பச்சை டீ ஷர்ட் மேல்தட்டிலேயே இருந்தது. அவனை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று துவைத்து, அதையும் தேய்த்து, நாலாக மடித்து வைத்திருந்தாள். சும்மா இருக்காத கை! கசங்கட்டும் என்று இரண்டு உள்ளங்கைக்குள்ளும் வைத்து அழுத்திப் பிசைந்தாள். விரித்துப் பார்த்தபோது மடிப்பு அப்படியே கோடு கோடாகத் தெரிந்தது. அதற்குள் வலது கை தன்பாட்டுக்கு அதை நீவிவிட ஆரம்பித்துவிட்டது. "சீ" என்று தன் கையையே தட்டிவிட்டாள்.

வண்டி வந்துவிட்டது. கணவர் முதலில் ஏறி உட்கார்ந்து, துணியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. டீ ஷர்ட்டைச் சுருட்டி இருக்கையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியதும் ஒரு தடவை எழுந்து, இன்னும் அழுந்த உட்கார்ந்தாள்.

கணவர் பார்த்தார். அவளுக்கு இடம் விட்டுக் கொஞ்சம் ஒதுங்கிக்கொண்டார்.