இடது காலுக்கு ஓர் இடம்

உடலை ஏற்றிய வேனின் பின்கதவை இரண்டு பேர் சேர்ந்து அழுத்திச் சாத்திக்கொண்டிருந்தபோதே கொழுந்தன் கையை நீட்டினான்.

"சாவியக் குடுங்க அண்ணி. காரை நான் எடுக்கிறேன்."

அவள் கொடுக்கவில்லை. காலையில் கணவருடைய தலையணைக்கு அடியிலிருந்து எடுத்த சாவி. படுத்த எட்டு மாதமும் அது அங்கேதான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக்கூட வாடகை வண்டியில்தான் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில், பேட்டரி இறங்காமலிருக்க மட்டும், சாவி வெளியே வரும். அவள் காரை வாசற்கதவு வரை எடுத்து மறுபடி பின்னால் விடுவாள். ஜன்னல் வழியாக அவர் குரல் வரும். "கால எடு. கிளட்சுலேருந்து கால எடு." கால் அதில் இருக்காது.

"நானே ஓட்டுறேன் தம்பி."

"நீங்களா?" அவன் சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "இடுகாடு மேட்டு மேல இருக்கு அண்ணி. இன்னைக்கு ஒரு நாளாவது அண்ணன் சொன்னபடி..."

அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் மீதி தெரியும்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், கார் வாங்கிய புதிதில் நாலு மாதம் அவளும் ஓட்டினாள். வருஷம் முடிவதற்குள் கிளட்ச் பிளேட் போய்விட்டது. இரண்டு பேர் ஓட்டிய கார். பழி ஒருத்தி மேல் விழுந்தது. "எங்க வீட்டம்மா ஒரு கிளட்சையே மென்னு முழுங்கிட்டா" என்று அவர் வீடு வீடாகச் சொன்னார். அவளுக்குக் கிளட்ச் ராணி என்று பெயர் வந்தது. கல்யாண வீடுகளில்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

அதன் பிறகு அவளுக்கு இடப்பக்க இருக்கை. அங்கிருந்து பார்த்தால் ஓட்டுகிறவரின் இடது கால் நன்றாகத் தெரியும். கியர் மாற்றி முடித்த பிறகும் அவர் கால் இறங்காது. சாய்வு நாற்காலியின் கைப்பிடியில் கையைப் போட்டதுபோல் கிளட்ச் பெடல் மேல் கிடக்கும். மேட்டில் நிற்க நேர்ந்தால் பிரேக் பிடிக்கமாட்டார். பாதிக் கிளட்சில் காரைத் தொங்கவிட்டபடி பேசிக்கொண்டிருப்பார். பிளேட் தேய்வது அதனால்தான் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார். பிறகு இன்னும் மூன்று பிளேட் போயிற்று. ஒவ்வொரு முறையும், "அன்னைக்கு நீ பண்ணின வேலை இன்னும் காரை விட்டுப் போகல" என்றார்.

துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, காரை வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் கேட்டோரம் நின்றிருந்தார். கொழுந்தன் அவரைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்களே சொல்லுங்க. இந்தக் காரு இவங்க கையில தாங்குமா?"

"பிளேட்டு கடைசியிலதான் இருக்கு. பாத்து ஓட்டணும்."

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணி?"

"கேட்டேன். தேய்ச்சது யாருன்னும் கேளு."

மெக்கானிக் தன் நகத்தில் ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்தார். "இப்ப எதுக்குக்கா அதெல்லாம்..."

"பட்டறையில என்கிட்ட சொன்னதுதானே. சொல்லுங்க."

"சாரு காலு எப்பவும் பெடல் மேலதான் இருக்கும்" என்றார் அவர், தரையிடம் சொல்வதுபோல்.

யாரோ இருமினார்கள். வேன் டிரைவர் கண்ணாடியில் இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செத்துப்போனவரைப் பத்தி, அதுவும் இந்த நேரத்துல..." என்றான் கொழுந்தன்.

"உயிரோட இருந்தப்ப அவருகிட்டயே சொன்னேன். அவரு நம்பல. நீ நம்பவும் வேண்டாம்." அவள் கார்க் கதவைத் திறந்தாள். "வர்றதா இருந்தா அந்தப் பக்கம் ஏறு."

சற்று நின்றான். பிறகு காரைச் சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினான்.

வழியில் இரண்டுமுறை மூக்கை உறிஞ்சினான், கிளட்ச் கருகும் வாசனை வருகிறதா என்று. வரவில்லை.

மேட்டின் நடுவில் வேன் நின்றது. மேலே இடுகாட்டுக் கேட்டின் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார்கள். அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நியூட்ரலுக்கு மாற்றிக் காலை எடுத்தாள். பின்னால் வண்டிகள் வரிசையாக வந்து ஒட்டி நின்றன. கொழுந்தனின் கை கதவுப் பிடியைப் பற்றியது.

வேன் நகர்ந்தது. அவள் முதல் கியர் போட்டாள். பெடல் ஏறக்குறைய முழுக்க மேலே வந்த பிறகுதான் பிடித்தது. காரின் முகம் லேசாக எழும்புகிறவரை பொறுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டாள். கார் ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை.

கொழுந்தன் கைப்பிடியை விட்டான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இரண்டாவது கியருக்கு மாற்றும்போது அவள் குதிகால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. பெடலுக்குக் கீழே ரப்பர் விரிப்பு வட்டமாகத் தேய்ந்து, ஓட்டையாகி, தகரம் தெரிந்தது. அவருடைய குதிகால் பெரியது. அவளுடையது அதற்குள் முழுதாக அடங்கி, சுற்றிலும் இடம் மிச்சமிருந்தது.

கியர் விழுந்தது. அவள் காலை எடுத்துப் பெடலுக்கு இடப்பக்கம் வைத்தாள். அங்கே விரிப்பின் வரிகள் வாங்கிய அன்றிருந்தபடியே இருந்தன.